அரளி இலையின் அடிப்பக்கம்

வண்ணத்துப்பூச்சியைத் தேடுகிறவர்கள் பூவைப் பார்க்கிறார்கள். இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஐயா, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். வேண்டாம், நானே எழுதித் தருகிறேன். ஐம்பது வயதுக்கு மேல் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவன், மெதுவாகத்தான் வரும். பெயர் வீரன். ராசிபுரம் பக்கம் சிவக்குமார் தோட்டத்தில் அரளிக்குத் தண்ணீர் கட்டுவதும் மருந்தடிப்பதும் என் வேலை.

அரளிக்கு வரும் பூச்சியின் பெயர் வெண்புள்ளிக் கருப்பன். ஏற்காட்டில் ஒரு பலகையில் பார்த்து, நானாக எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பெயர் அது. றெக்கை வறுத்த காப்பிக்கொட்டை நிறம், ஓரத்தில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். ஆடு மாடு வாய் வைக்காத அரளி இலையைத் தின்றே அதன் புழு வளரும். அந்த விஷம் உடம்பில் ஊறிவிடுவதால் குருவி கொத்தாது. அதனால் பறப்பதில் அவசரம் இருக்காது. வளர்ந்தபின் தேன் குடிக்கும். ஆண்பூச்சி காய்ந்த தேள்கொடுக்குச் செடியிலும் போய் உறிஞ்சும். வெயில் ஏறினால் நிழலில் கூட்டமாகத் தொங்கும். கையில் பிடித்தால் செத்ததுபோல் மடங்கிக் கிடக்கும். நாம் பார்வையை எடுத்தால் எழுந்து போய்விடும். பலமுறை பார்த்திருக்கிறேன்.

இத்தனை வருடம் அவற்றுக்கு மருந்தடித்தது என் கைதான். பெயரைப் படித்த பிறகு தூக்கம் கெட்டது. பெயர் தெரிந்த உயிரைக் கொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அதன் கூடு வெள்ளி ஜிமிக்கிபோல் இலைக்கடியில் தொங்கும். குனிந்தால் நம் முகம் அதில் தெரியும். பூச்சி வெளிவருவதற்கு முந்தின நாள் கூடு கறுத்துவிடும். அன்று கிணற்றோர வரிசையில் எல்லாமே கறுத்திருந்தன. என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாய்க்காலைத் திருப்பிவிட்டு ஓடிவந்து பார்ப்பேன், போவேன், பாதி வழியில் மறுபடி திரும்புவேன்.

சிவக்குமார் மருந்து கேனோடு வந்தார்.

“சாமி, இன்னைக்கு ஒரு நாளு பொறுங்க. நாளைக்கு எல்லாம் பறந்து போயிருமுங்க.”

“ஏம்ப்பா வீரா, பூச்சிக்குப் பிரசவம் பாக்கறயா? தொட்டில் கட்டட்டுமா?”

சிரித்துக்கொண்டே ஒரு கூட்டைக் கிள்ளிப் போட்டுச் செருப்பால் தேய்த்தார். கெட்ட மனிதர் இல்லை. எனக்குக் காய்ச்சல் கண்டபோது தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் அவர்தான்.

மருந்து கலக்கத் தண்ணீர் வேண்டும். கிணற்று மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை, பாசி அடைத்திருந்தது. அதன் ஒயர் தோல் உரிந்து கிடந்தது. மோட்டார் ஓடும்போது தண்ணீரைத் தொட்டால் ஆளை இழுக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றில் இறங்குகிறவன் பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் மடியிலேயே கட்டிக்கொள்வான். கூடப்பிறந்தவனிடம்கூடக் கொடுக்கமாட்டான். அன்று அவர் டவுசரோடு இறங்கினார், மடி இல்லை.

“இந்தா, நீயே வெச்சுக்க. உன்னை உட்டா எனக்கு வேற ஆரு?”

“ஆவட்டுங்க சாமி.”

கட்டையோடு வரிசைக்குப் போனேன். திரும்பினேன். மறுபடி போனேன். ஒரு கூடு விரிந்து றெக்கையின் நுனி தெரிந்தது. அப்போது கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. “அடைப்பு எடுத்தாச்சு வீரா, மருந்தை ஊத்து.”

மோட்டார் ரூமுக்குப் போய்க் கட்டையைச் சொருகினேன். சுவிட்சைப் போட்டேன். கை தவறவில்லை.

அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. மருந்தடிப்பு ஒரு நாள் தள்ளிப்போக வேண்டும், அவ்வளவுதான். எட்டிப் பார்த்தேன். கைகால் மடங்கி, அசையாமல் மிதந்தார். கையில் பிடித்த பூச்சியைப் பார்த்த மாதிரியே இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அரளிக்கு நடந்தேன். பொழுது சாயும்வரை கிணற்றுப் பக்கம் பார்க்கவே இல்லை.

அவர் எழுந்து போக வேண்டிய நேரத்தைக் கொடுத்தேன், ஐயா.