கையெழுத்தில்லாத உறை

டாரில்: இறங்கு, லொரெய்ன். அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க.

லொரெய்ன்: இது எலெக்‌ஷன் ஆபீஸாச்சே? பனிக்கு டயர் மாத்தணும்னு சொல்லித்தானே என்னை வேலையிலேர்ந்து கூட்டிட்டு வந்தே?

டாரில்: உண்மையைச் சொன்னா வந்திருப்பியா? ரெண்டு நிமிஷ வேலை. தபால்ல ஓட்டு அனுப்பினியே, உறை மேல கையெழுத்துப் போட மறந்துட்டே. கையெழுத்து இல்லேன்னா பிரிக்கவே மாட்டாங்க. வந்து போட இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்.

லொரெய்ன்: கிடந்துட்டுப் போகட்டும்.

டாரில்: என்னது? எண்ணினதுல மூணு ஓட்டு பின்னாடி நிக்கிறேன்! நாலாயிரம் பேர் ஓட்டுப் போட்ட தொகுதியில, மூணே மூணு! தொகுதி பூரா கையெழுத்தில்லாத உறையும் மூணுதான். கெண்ட்ரிக்கும் அவன் பொண்டாட்டியும் காலையில வந்து போட்டுட்டாங்க. மூணாவது யாருன்னு லிஸ்ட்டைப் பார்த்தா... என் வீட்டுக்காரி!

லொரெய்ன்: கெண்ட்ரிக் தானா வந்தானா?

டாரில்: தானா எங்கே வருவான்? மாட்டுக்கு வைக்கோல் போட்டு முடிக்கிற வரைக்கும் பனியில நின்னேன். அப்புறம் இதே வண்டியில ஏத்திட்டு வந்தேன்.

லொரெய்ன்: உன் மூஞ்சி போஸ்டரை ஒட்டின வண்டியில.

டாரில்: கிண்டலுக்கு நேரமில்ல. அவங்க ரெண்டு ஓட்டும் என்னோடது. என் பேர் போட்ட போர்டு அவன் வாசல்ல நிக்குது. பாக்கி ஒண்ணு, உன்னோடது. அது வந்தா சமமாயிடும். மறுபடி எண்ணுவாங்க. அப்புறம் யார் கண்டா?

லொரெய்ன்: தோத்தா என்ன ஆயிடும் இப்ப? மில் இருக்கு. வழக்கம்போல மரம் அறு.

டாரில்: அறுக்க விடுவாளா என்னை எதிர்த்து நிக்கிற அந்த வாஸ் டீச்சர்? ஹெலேனாவுல சட்டசபைக்குள்ள கால் வெச்சதும் மில்லுக்கு மில் சோதனை போட ஆளை அனுப்பச் சொல்லுவா. ஏப்ரல்ல நடந்ததை மறுபடி கிளறுவா.

லொரெய்ன்: நம்ம மில்லுல எமெட் செத்ததை.

டாரில்: ...விபத்தை.

டாட்டி: யாரு, டாரிலா? சிகரெட் பிடிக்கலாம்னு ஆபீஸை விட்டு வெளிய வந்தேன். கண்ணாடியை இறக்குங்களேன். உள்ள என்ன, புருஷன் பொண்டாட்டி சண்டையா?

டாரில்: சண்டையெல்லாம் இல்ல, டாட்டி. இதோ வர்றோம்.

டாட்டி: ஒரே ஒரு வரி லொரெய்ன், கீழே கையெழுத்து. இருபத்தாறு வருஷமா மில்லு காகிதம் எல்லாத்துலயும் உன் கையெழுத்துதான். இதுல போய் மறந்துட்டியே!

லொரெய்ன்: ஆமா... மறந்துட்டேன்.

டாட்டி: இருபது நிமிஷம் இருக்கு. அதுக்கு மேல ஒரு நொடி ஆனாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது, சொல்லிட்டேன்.

டாரில்: கேட்டியா? இருபது நிமிஷம். கண்ணாடியை ஏத்து, குளிருது.

லொரெய்ன்: போன வாரக் கூட்டத்துல, "என் பையன் மாதிரி இருந்தவனைப் பறிகொடுத்தேன்"னு பேசினியே. கண்ணைத் துடைச்சுக்கிட்டே. எமெட்டோட அம்மா நோரா மூணாவது வரிசையில உட்கார்ந்திருந்தா.

டாரில்: அந்த அழுகை பொய்யில்ல.

லொரெய்ன்: பொய்யில்லதான். அதனாலதான் என்னால தாங்க முடியல.

டாரில்: இதைப் பேச இதுவா நேரம்?

லொரெய்ன்: நோரா சர்ச்சுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? "ரம்பத்தோட பாதுகாப்பு மூடியை அவன் ஏன் கழட்டினான் லொரெய்ன்? சின்னதுலேர்ந்தே அவசரக்காரன். நான்தான் கண்டிச்சு வளர்க்கலை"ன்னு... அவ தன்னையே திட்டிக்கிறா, டாரில். ஏழு மாசமா.

டாரில்: ரிப்போர்ட்டுல அப்படித்தானே இருக்கு? அவனே கழட்டினான்னு.

லொரெய்ன்: நீ சொன்னதை எழுதிக்கிட்டாங்க.

டாரில்: லொரெய்ன்...

லொரெய்ன்: எமெட் வேலைக்கு வந்தது மார்ச்சுல. அந்த மூடி ஜனவரியிலயே நம்ம ஷெட்டுல கிடந்துச்சு, படகைப் போர்த்தின தார்ப்பாய்க்கு அடியில. கிறிஸ்துமஸ் விளக்கைப் பெட்டியில எடுத்து வைக்கப் போனப்போ என் முட்டியில இடிச்சுது. என்ன தகரமோன்னு விட்டுட்டேன். அவன் செத்த மறுநாள் பேப்பர்ல மூடியோட இருக்கிற மிஷின் படம் போட்டாங்க. அப்பதான் அது ரம்பத்து மூடின்னு தெரிஞ்சுது. அன்னைக்கு ராத்திரியே போய்ப் பார்த்தேன். தார்ப்பாய் இருந்துச்சு. மூடி இல்ல.

டாரில்: ...ஏன் கேக்கலை என்கிட்ட?

லொரெய்ன்: நீயே சொல்லுவேன்னு இருந்தேன். சொல்லாம எலெக்‌ஷன்ல நின்னே.

டாரில்: ஆர்டர் குவிஞ்சு கிடந்துச்சு. மூடி இருந்தா பலகை சிக்கி சிக்கி நிக்கும். ரெண்டே வாரம்னுதான் கழட்டினேன். சத்தியமா ரெண்டே வாரம்...

லொரெய்ன்: இதை நோராகிட்ட சொல்லு. வண்டியைத் திருப்பு, இப்பவே போவோம்.

டாரில்: போகலாம். இதை முடிச்சுட்டுப் போகலாம்.

லொரெய்ன்: முடிச்சுட்டா போக மாட்டே.

டாரில்: ஜெயிச்சா எல்லாத்தையும் சரி பண்ணிடறேன். அவன் பேர்ல... ஏதாவது... ஒரு சட்டம்கூட...

லொரெய்ன்: அவன் பேர்ல! கழட்டினது நீ, சட்டம் அவன் பேர்லயா?

டாரில்: கெஞ்சிக் கேக்கறேன். பத்து நிமிஷம்தான் இருக்கு. ஒரே ஒரு ஓட்டுல தோத்தான், அதுவும் பொண்டாட்டி கையெழுத்துப் போடாததாலன்னு ஊரே சிரிக்கணுமா? நான் எப்படி மில்லுல போய் நிக்கிறது?

லொரெய்ன்: அந்த உறைக்குள்ள என்ன இருக்குன்னு இதுவரைக்கும் நீ கேக்கவே இல்லியே.

டாரில்: கேக்க என்ன இருக்கு? நீ என் பொண்டாட்டி.

லொரெய்ன்: டீச்சருக்குப் போட்டேன். உறையை ஒட்டினேன். பேனாவையும் எடுத்துட்டேன்... உன்னைத் தோக்கடிக்கிறதுல என் கையெழுத்து இருக்க வேணாம்னு வெச்சுட்டேன். மறதியெல்லாம் இல்ல, டாரில். இப்ப உள்ள போய்ப் போட்டா நீ ஒரு ஓட்டுல இல்ல, ரெண்டு ஓட்டுல தோப்பே. சொல்லு... இறங்கட்டுமா?