‘ஒரு மாதிரியா இருக்கு’

பேச்சு நீண்டால் மணியடிக்கக் காத்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையை முழுதாய் நிரப்பியிருக்கும் மூத்த ஆசிரியப் பெருமக்களே, திருத்த வேண்டிய விடைத்தாள்களை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கதவோரம் கால்கடுக்க நிற்கும் இளைஞர்களே, அனைவருக்கும் அன்பு வணக்கம்.

வலையொலியால் மொழி கற்பிக்கலாமா என்பது எனக்குத் தந்த தலைப்பு. பின்னால் யாரோ கேட்கிறார், ‘வலையொலின்னா?’ பாட்காஸ்ட் ஐயா. எழுதினால் வலையொலி, பேசினால் பாட்காஸ்ட். நம் தொல்லையே அதுதான்.

வேலைக்காகத் தமிழ் கற்க வரும் வேற்றுமொழிக்காரர்களுக்கு வகுப்பெடுப்பவன் நான். அவர்களுக்கென்று பாடநூலும் எழுதினேன். அதில் எழுத்து இருந்தது, எழுவாய் இருந்தது, வேர்ச்சொல் இருந்தது, வேற்றுமை இருந்தது. மனிதர் பேசும் தமிழ் இருந்ததா? இல்லை.

என் வகுப்பில் ஒரு செவிலியர். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். அவருடைய வார்டில் ஒரு லாரி ஓட்டுநர், ‘சிஸ்டர், ஒரு மாதிரியா இருக்கு’ என்றார். என் நூலில் மாதிரி என்றால் சோதனைக்கு எடுக்கும் ரத்த மாதிரி. சிஸ்டர் புன்னகையோடு, ‘மாதிரி காலையிலேயே எடுக்கப்பட்டுவிட்டது’ என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஓட்டுநர் மயங்கித் தரையில் விழுந்தார்.

சிரிக்கிறீர்கள். அவர் பிழைத்துக்கொண்டார், சிரிக்கலாம். தலைமைச் செவிலியர் சிரிக்கவில்லை. ‘ரெண்டு மாசம் பார்ப்பேன். நோயாளி சொல்றது புரியலன்னா வார்டு வேலை உங்களுக்குக் கிடையாது’ என்றுவிட்டார்.

சிஸ்டர் என் மேசையில் நூலை வைத்தார். ‘சார், இதுல தப்பு எதுவும் இல்ல. ஆனா இப்படி யாரும் பேசல.’ எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நூலை மூடினேன். ஒரு தையற்கார அம்மாவும் அவர் நாத்தனாரும் கடையில் உட்கார்ந்தபடி, சண்டையும் சமாதானமுமாகப் பேசி வெளியிடும் பாட்காஸ்ட் ஒன்றைப் போட்டேன். வகுப்பில் ஒரே நிமிடம், மூன்று முறை, கையில் காகிதம் கிடையாது. யார் பேசுகிறார்? ஏன் பேசுகிறார்? எதைப் பேசாமல் விடுகிறார்? மீதியைப் பேருந்தில் கேளுங்கள், பாத்திரம் கழுவும்போது கேளுங்கள், துணி மடிக்கும்போது கேளுங்கள் என்று அனுப்பினேன்.

ஒருநாள் நாத்தனார் கேட்கிறார், ‘என்ன அண்ணி, உம்முனு இருக்கீங்க?’ அண்ணி சொல்கிறார், ‘ஒண்ணுமில்ல.’ வகுப்பே ஒரே குரலில், ‘பிரச்சினை இல்லை’ என்றது. சிஸ்டர் மட்டும், ‘இன்னொரு வாட்டி போடுங்க சார்’ என்றார். கேட்டார். பிறகு சொன்னார், ‘என்னவோ இருக்கு. சொல்ல மாட்டேங்கிறாங்க.’

அடுத்த வாரம். வார்டில் ஓர் அம்மாள், அன்று வீடு திரும்ப வேண்டியவர். மகள் துணிப்பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ‘எப்படிம்மா இருக்கு?’ என்று மருத்துவர் கேட்டார். ‘ஒண்ணுமில்ல டாக்டர்.’ அவர் எழுதிக்கொண்டு நகர்ந்தார். சிஸ்டர் நகரவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்தார்.

‘என்னன்னு சொல்லுங்கம்மா. நான் எங்கயும் போகல.’

அம்மாள் மகளைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். ‘இடது கை மரத்துக் கிடக்கு. நெஞ்சு அடைக்குது. சொன்னா இன்னும் நாலு நாள் இருக்கச் சொல்வீங்க. புள்ளைக்கு லீவு இல்ல.’

சிஸ்டர் ஓடிப்போய் மருத்துவரைத் திருப்பி அழைத்து வந்தார். மாரடைப்பு தொடங்கியிருந்தது. அம்மாள் பிழைத்தார். சிஸ்டர் இன்றும் அதே வார்டில்தான் இருக்கிறார்.

அவையோரே, அந்த ஒரு சொல்லை எந்த அகராதியில் தேடுவீர்கள்? எந்தத் தேர்வில் கேட்பீர்கள்? எந்தக் கரும்பலகையில் எழுதுவீர்கள்? மருத்துவருக்குக் கேட்டதும் சிஸ்டருக்குக் கேட்டதும் ஒரே சொல். ஒருவர் சொல்லைக் கேட்டார், மற்றவர் குரலைக் கேட்டார். என் பாடநூலில் அந்தச் சொல்லுக்கு நேரே ‘எதுவும் இல்லை’ என்று நான்தான் அச்சிட்டிருக்கிறேன். ஒன்பது பதிப்பு வந்துவிட்டது. சிஸ்டர் அதை நம்பியிருந்தால், அந்த மகளுக்கு இன்று தாய் இல்லை.

காதுகொடுத்த உங்களுக்கும், மணியடிக்காமல் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.