செங்கல் உருவிய சுவர்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஷெட்டுகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். திருமங்கலம் பஸ்ஸில் முன்சீட்டில் இருவர். ஒருவர் சட்டையில் கிரீஸ் கறை.

"போட்டியே இல்லாத ஊர்ல பட்டறை போடாத மாப்ள," என்றார் அவர்.

"கொட்டாம்பட்டியில போட்டா நான் மட்டுந்தான். நல்லதுதானண்ணே?" என்றார் இளையவர்.

"டிரில் பிட்டு ஒடஞ்சா யார்ட்ட கேப்ப? எனக்குப் பக்கத்து ஷெட்டுக்காரன் இருக்கான். அவனும் போல்ட்டுதான் போடுறான். எங்களுக்குள்ள பேச்சு வார்த்த கிடையாது."

"பேசாம எப்படிக் கேப்பீக?"

"நடுச்சுவத்துல ஒரு செங்கல உருவி வச்சிருக்கோம். ஒடஞ்சத வச்சா நல்லது வந்துரும். அவனுக்கு ஆர்டர் மிஞ்சுனா சாம்பிள வைப்பான், நான் போட்டுக் குடுப்பேன்."

கப்பலூரில் அவர் இறங்கினார். திருமங்கலத்துக்கு டிக்கெட் எடுத்திருந்த இளையவரும் பின்னாலேயே குதித்தார்.

"அண்ணே, ஒங்க ஷெட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு சுவரு இருக்கும்ல?"