சிலமலைச் சீரில் வந்த பின் அச்சு

போடிநாயக்கனூர் போலீஸ் ஸ்டேஷனில், 1926-ஆம் வருஷம் வைகாசி மாதம் திங்கட்கிழமை காலையில், சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் முன்பாகச் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலம்.

என் பெயர் கன்னையன். தகப்பனார் பெயர் சுடலை. வயது நாற்பத்தாறு. போடிநாயக்கனூர் கடைவீதியில் வீடும் ஏலக்காய்க் கிட்டங்கியும் இருக்கின்றன. தொழில் ஏலக்காய் வியாபாரம். அதோடு மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குப் பல வருஷமாக இந்த ஊர்ச் செய்திகளை எழுதி அனுப்பி வருகிறேன்.

இன்று காலை நிலவரப்படி, கெல்டன் மோட்டார் காரின் பின் அச்சு ஒன்று இந்த ஸ்டேஷனின் சாமான் அறையில் மாலையோடும் சந்தனம் குங்குமத்தோடும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. இதை ஹெட் கான்ஸ்டபிள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். மாலை வாடிவிட்டது என்றும் சொன்னார். நான் நேரில் பார்க்கவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை அந்த அச்சைச் சிலமலை மொக்கச்சாமி என்பவரிடமிருந்து ஆள் சேர்த்து வழிப்பறி செய்தேன் என்பது என்மேல் உள்ள புகார். நடந்ததை நடந்த வரிசைப்படி சொல்கிறேன்.

எனக்குச் சொந்தமாகக் கெல்டன் கார் ஒன்று இருக்கிறது. சிலமலையில் வெள்ளாமையும் குரங்கணிக்கு மேலே ஏலக்காடும் வைத்திருக்கிற மொக்கச்சாமிக்கும் கெல்டன் கார்தான். இரண்டு காரும் சீமையிலிருந்து ஒரே கப்பலில் வந்து, ஒரே ரயில் வேகனில் மதுரைக்கு வந்து, ஒரே நாளில் ஏஜெண்டு கையால் எங்களுக்குக் கொடுக்கப்பட்டவை. அதற்கு முன்னால் அவரும் நானும் பழக்கம் கிடையாது. சொந்தமும் கிடையாது. அதன் பிறகு வழியில் எதிரெதிரே வந்தால் நிறுத்துவோம். முதலில் காரை விசாரித்துக்கொண்டு அதன் பிறகு வீட்டில் உள்ளவர்களை விசாரிப்போம்.

கெல்டன் காரில் ஒரு வழக்கம் உண்டு. ஏற்றம் அதிகமானால் எஞ்சின் பெட்ரோல் தொட்டியைவிட உயர்ந்துவிடும், பெட்ரோல் எஞ்சினுக்கு இறங்காது. ஆகையால் குரங்கணி ஏற்றத்தில் காரைத் திருப்பிப் பின்பக்கமாகவே ஓட்டி ஏற வேண்டும். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நாங்கள் அதைக் குறையாக நினைத்ததில்லை. ஊரைப் பார்த்துக்கொண்டே மலையேறுகிற வசதி வேறு எந்தக் காரிலும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு பெருவெள்ளம் வந்தபோது மொக்கச்சாமியின் கார் குரங்கணி ஓடையில் உருண்டு, எஞ்சின் உடைந்துபோனது. அவர் அதை நான்கு ஜோடி மாடு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்து, மாட்டுக் கொட்டத்தில் பசுவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். அதன் பிறகு போன தை மாதம் மதுரை ஏஜெண்டு எங்களைக் கூப்பிட்டு, சீமையில் கெல்டன் கம்பெனியை மூடிவிட்டார்கள், இனிமேல் காரும் வராது, சாமானும் வராது என்று சொல்லி, ஒரு புது அமெரிக்கக் காரைக் காட்டினார். மொக்கச்சாமி அந்தக் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தேன் இருக்கு. யாராச்சும் வாங்கட்டும்” என்று சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் என் கெல்டனில் ஊர் திரும்பினோம். தேனி வந்ததும், “மச்சு வீட்டை இடிச்சாலும் இடிப்பேன், அந்தக் காரைப் பழைய இரும்புக்குப் போட மாட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு சித்திரை மாதம் நான் குரங்கணியிலிருந்து ஏலக்காய் மூட்டையோடு இறங்கி வரும்போது என் காரின் பின் அச்சில், நடுவே குடம் போல் இருக்கிற பாகத்துக்குள் பல்சக்கரம் உடைந்தது. ஊர்ப் பட்டறையில் இரண்டு தடவை பற்றவைத்துப் பார்த்தார்கள். இரண்டு தடவையும் கடைவீதி முக்கிலேயே நின்றுவிட்டது.

இந்த நிலையில் என் மகள் வீரலட்சுமிக்கும் தேனி ராஜாராம் என்பவரின் மகனுக்கும் வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம் நிச்சயமாகி இருக்கிறது. ராஜாராமிடம் மேற்படி அமெரிக்கக் கார் இருக்கிறது. பெண் ஊர்வலத்துக்கு அதை அனுப்பி வைப்பதாகச் சொன்னார். நான் கெல்டனைச் சரி செய்துகொள்கிறேன் என்று சொன்னேன். அதற்கு அவர், “சம்மந்தி, செத்த கம்பெனிக்கு இன்னும் எத்தனை நாளைக்குத் தீட்டுக் காக்கப் போறீக? கருமாதியை முடிச்சுட்டு நம்ம கார்ல ஏறுங்க” என்றார். நல்ல மனிதர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் மகள் கதவுக்குப் பின்னாலிருந்து, “எங்கப்பா கார்ல போவேன். இல்லாட்டி நடந்து வர்றேன்னு மாமாகிட்டச் சொல்லுங்கப்பா” என்றாள். அவர் இன்னும் அதிகமாகச் சிரித்தார்.

அதன் பிறகு போன வியாழக்கிழமை நான் மாட்டு வண்டி கட்டிச் சிலமலைக்குப் போனேன். மொக்கச்சாமியின் காரில் எஞ்சின்தான் போனதே தவிர, பின் அச்சு பழுதில்லாமல் இருந்தது எனக்குத் தெரியும். விலைக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

“கெல்டனை அறுத்துக் கூறு போட்டு விக்கிறதுக்கு நான் என்ன கசாப்புக்கடையா வச்சிருக்கேன்?”

அவர் மனைவி முனியாயி குறுக்கே வந்து, “நீங்க ரெண்டு பேரும் சும்மா இருங்க. ஒரே வேகன்ல வந்ததுக. ஒரு வயித்துப் பிள்ளைக மாதிரி. அதுகளுக்குள்ள என்னய்யா யாவாரம்?” என்றார். அதன் பிறகு என்னைப் பார்த்து, கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் யார் கொண்டு வருகிறார்கள் என்று கேட்டார். என் மனைவி அன்னக்கொடிக்கு உடன்பிறந்த ஆண் யாரும் இல்லை, ஆகையால் மாமன் சீர் இல்லாமலே நடத்திக்கொள்ளப் போகிறோம் என்று சொன்னேன்.

மொக்கச்சாமி எழுந்து கை கழுவிவிட்டு மாட்டுக் கொட்டத்துக்குப் போனார். காரின் மேல் கிடந்த படுதாவை இழுத்தார். பசு மிரண்டது. திரும்பி வந்து, “ஞாயித்துக்கெழம சீர் வருது. வெரசாப் போயி ஏந்தங்கச்சிகிட்ட ஆரத்தி கரைச்சு வைக்கச் சொல்லு. நீயும் ஆளுகளைச் சேர்த்து வை மச்சான், எல்லையில பாத்துக்கிறேன்” என்றார். அதுவரைக்கும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து இதை அன்னக்கொடியிடம் சொன்னேன். அவள் உள்ளே போய் ஆரத்தித் தட்டை எடுத்து வந்து புளி போட்டுத் தேய்த்தாள். அன்று காலையில்தான் அந்தத் தட்டை ஒருமுறை தேய்த்து வெயிலில் வைத்திருந்தாள்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கத்தைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். மாமன் சீர் வரும்போது பெண் வீட்டுக்காரர்கள் ஊர் எல்லையில் கயிறு கட்டி மறிப்பார்கள். மாமனும் மச்சானும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். இழுபறி நடக்கும். பெண் வீட்டு ஆட்கள் சீரில் முக்கியமான பொருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மாமன் ஆட்கள் துரத்துவார்கள். யாரும் துரத்தாவிட்டால் அது மாமனுக்கு மனமில்லாத சீர் என்று ஊரில் பேசுவார்கள். கடைசியில் எல்லாரும் பெண் வீட்டு வாசலில் போய் நிற்க, மாமனின் தங்கை ஆரத்தி எடுப்பாள். ஆரத்தி எடுத்த பிறகுதான் சீர் சேர்ந்ததாகக் கணக்கு.

நேற்றுச் சாயங்காலம் சிலமலையிலிருந்து இரட்டை மாட்டு வண்டியில் சீர் வந்தது. முன்னால் மேளம். பின்னால் பெண்கள் தலையில் தாம்பாளங்கள். தேங்காய், வாழைப்பழம், பட்டுச் சேலை, வெல்லம், ஒரு ஆட்டுக்கிடாய். வண்டிக்கு நடுவில், வைக்கோல் மேல், பின் அச்சு. குடம் போன்ற பாகத்துக்குச் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தார்கள். வழியில் சிலர் அதை ஏதோ புதுச் சாமி என்று நினைத்துக் கும்பிட்டார்கள் என்று முனியாயி சொன்னார். நான் அதைப் பார்க்கவில்லை.

வாய்க்கால் பாலத்தில் நாங்கள் கயிறு கட்டி மறித்தோம். மொக்கச்சாமி வண்டியிலிருந்து குதித்து, “எங்கடா எம் மச்சான், அந்த ஏலக்காய்த் திருடன்?” என்று சத்தம் போட்டார். திருடன் என்ற சொல் புகாரில் இருக்கிறது. அது இந்த இடத்தில், இந்த விதமாகச் சொல்லப்பட்டது. நான், “ஓடையில காரைக் குளிப்பாட்டுன மகராசா, வாங்க வாங்க” என்று சொல்லி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினேன். அவர் என் தலைப்பாகையைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார். அதற்குள் எங்கள் ஆட்கள் நான்கு பேர் அச்சைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். “விடாதே, பிடி, அச்சைப் பறி” என்று இரண்டு பக்கமும் சத்தம். மேளமும் நிற்கவில்லை.

அப்போது, வட ஆற்காட்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் அந்தப் பக்கம் வந்து, இதைப் பார்த்து விசில் ஊதி, கூட்டத்துக்குள் புகுந்தார். நான் இரண்டாவது குடத்தை ஊற்றினேன். அந்தக் குடம் மொக்கச்சாமிக்கு வைத்தது. அவர் குனிந்துவிட்டார். கான்ஸ்டபிளின் சட்டை மஞ்சளானதற்கு நான் நேற்றே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். சலவைக்கு நானே ஏற்பாடு செய்கிறேன். அவர் கடமையைத்தான் செய்தார். தெரியாத கண்ணுக்கு அது வழிப்பறி மாதிரியேதான் இருந்திருக்கும்.

அதன் பிறகு கான்ஸ்டபிள் என்மேல் புகார் எழுதி, அச்சைப் பறிமுதல் செய்து ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொன்னார். தூக்கிக்கொண்டு ஓடிய எங்கள் ஆட்களும் துரத்தி வந்த சிலமலை ஆட்களும் சேர்ந்துதான் அதைச் சுமந்து வந்தார்கள்.

அதன் பிறகு ஐயா அவர்கள் வந்து விசாரித்தீர்கள். மொக்கச்சாமியிடம், இவர் உம்மிடம் திருடினாரா என்று கேட்டீர்கள். அவர், “திருட்டா? எம் மச்சான்யா அவரு. தலைப்பாகையைப் பிடுங்குனவன் நான்தேன், என்னை உள்ள வைங்க” என்றார். அதன் பிறகு ஐயா அவர்கள், வழிப்பறி இல்லை என்று தெரிகிறது, ஆனாலும் பறிமுதல் செய்த பொருளைச் சொந்தக்காரரிடம்தான் கொடுக்க முடியும், இரண்டு பேரில் ஒருவர் தன்னுடையது என்று கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொன்னீர்கள்.

மொக்கச்சாமி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். “குடுத்த சீரைத் திருப்பி வாங்குனா நான் எப்படிய்யா மாமன்? அந்தப் பிள்ளைக்கு இருக்குற ஒத்த மாமனையும் இல்லாம ஆக்கச் சொல்றீகளா?” என்று கேட்டார். நானும் போடவில்லை. ஆரத்தி எடுக்காத சீரை என்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்தால் அது பொய் வாக்குமூலம். அதோடு, மாமன் கையிலிருந்து வாங்காமல் போலீஸ் கையிலிருந்து வாங்கியதாக ஆகிவிடும். ஐயா அவர்கள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, “யாருக்கும் வேண்டாத அச்சை நான் என்னய்யா செய்யட்டும்? என்கிட்டக் கெல்டனும் இல்லையே” என்று சொன்னீர்கள். மொக்கச்சாமி அதற்கு, “அதான் ஐயா உங்க முகம் வாட்டமா இருக்கு” என்றார். அதை அவர் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை.

அதன் பிறகு, சீரைக் காணோமே என்று அன்னக்கொடி கரைத்த ஆரத்தியோடு ஸ்டேஷன் வாசலுக்கே வந்துவிட்டாள். படியில் நின்று ஐயா அவர்களிடம், “எங்கண்ணன் கொண்டாந்த சீர் எந்த வாசல்ல நிக்குதோ, அந்த வாசல்ல ஆரத்தி எடுத்துக்கிறேங்கய்யா. வீடுன்னு இல்ல” என்றாள். இருபத்திரண்டு வருஷமாக அவளோடு குடும்பம் நடத்துகிறேன். எங்கண்ணன் என்று அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மொக்கச்சாமி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மஞ்சள் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்றார்.

ஐயா அவர்களுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் சர்க்கார் கட்டடத்தில் பறிமுதல் பொருளுக்கு ஆரத்தி எடுக்க மேல் அதிகாரியின் அனுமதி வேண்டும் என்று, இன்று காலைத் தபாலில் சர்க்கிள் இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். அதில் என்ன எழுதினீர்கள் என்பதை நான் படிக்கவில்லை. எழுதும்போது ஐயா அவர்கள் இரண்டு தடவை சிரித்ததைப் பார்த்தேன். பதில் புதன்கிழமை வரும் என்று சொல்லப்படுகிறது. வியாழக்கிழமை முழுவதும் இருந்தால் அச்சைப் பூட்டிவிடலாம் என்று பட்டறைக்காரர் சொல்கிறார். ராஜாராமுக்கு விஷயம் தெரிந்து, அவரும் இன்று காலை தன் காரில் வந்து ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார். சம்மந்தி வீட்டு அச்சு வெளியே வராமல் தான் தேனிக்குப் போவதாக இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அனுமதி வராவிட்டால் என்ன செய்வீர் என்று கேட்கிறீர்கள். என் மகளிடம் அதைக் கேட்டேன். மாமன் வண்டி மாட்டைக் கெல்டனுக்கு முன்னால் கட்டச் சொல்லிவிட்டாள். மொக்கச்சாமி மாடுகளை ஊருக்கு அனுப்பாமல் எங்கள் வீட்டிலேயே கட்டிப்போட்டிருக்கிறார்.

இவ்வளவையும் என் நினைவு தெளிவாக இருக்கும்போது, யாரும் வற்புறுத்தாமல், நானாகச் சொன்னேன். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் பார்த்ததும் பிறர் சொல்லக் கேட்டதும் தனித்தனியாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரே ஒரு திருத்தம் கேட்டேன். மேலே “சிலமலை மொக்கச்சாமி என்பவர்” என்று இருக்கிற இடத்தில் “என் மைத்துனர் மொக்கச்சாமி” என்று போட வேண்டும் என்றேன். ஆரத்திக்கு முன்னால் அப்படி எழுதச் சட்டத்தில் இடமில்லை, முடிந்ததும் தானே திருத்திக் கொடுப்பதாக ஐயா அவர்கள் சொன்னீர்கள். ஆகையால் அதுவும் புதன்கிழமைவரை நிலுவையில் இருக்கிறது. மற்றதெல்லாம் சரி.

(ஒப்பம்) சு. கன்னையன்