இலங்கையில் விரட்டிய அணில்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"இலங்கைக்குப் போயி ஒரு அணிலை விரட்டிட்டு வந்திருக்கோம் மதினி."

"யானை பாக்கத்தான போனிய?"

"யானையும் பாத்தோம். மறுநாள் காட்டுக்குள்ள ஜீப்பை நிப்பாட்டி, 'சத்தம் போடாதீங்க, அபூர்வமான அணில்'னு கைடு காட்டுதான். பாத்தா, நம்ம மாந்தோப்புல வந்து பிஞ்சைக் கடிச்சுப் போடுதே, அதே மலை அணிலு. கூட வந்த வெள்ளைக்காரங்க கேமராவைத் தூக்குதாங்க, 'ச்சூ'ன்னு சத்தம் போட்டுப் படபடன்னு ஒரு கைதட்டு. அணிலைக் காணோம்."

"யாரு, அண்ணனா தட்டுனாவ?"

"அப்படித்தான் எல்லாரும் நெனைச்சாவ. மத்தியானச் சாப்பாட்டுல எங்க வீட்டுக்காரவ, அந்த ஊரு பீரை ருசி பாக்கணும்னு ஒரு பாட்டில் வாங்கியிருந்தாவல்லா. கைடு மொறைக்கவும், 'பீரு வேலையைக் காட்டிருச்சு, மன்னிச்சுக்கோங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாவ."

"பாவம், அண்ணன்."

"தட்டுனது நான்."

மதினி சிரித்த சிரிப்பில் நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

"தோப்புல விரட்டி விரட்டிப் பழகுன கை மதினி. அதைக் கண்டதும் சும்மா இருக்குமா? மனுசன் என்னையக் காட்டிக் குடுக்கல, பாருங்க."

"பீரு மேல அநியாயமா பழியைப் போட்டுட்டாவ."

ஜன்னலோரப் பெண் மதினியின் பக்கம் சாய்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அம்புட்டு அநியாயம்னும் சொல்ல முடியாது மதினி. அந்தப் பாட்டில்ல அவிய குடிச்சது பாதிதான்."