தீப்பெட்டி தேடுற மனிசன்

ஒரே ஒரு ஆளா? வேற ஒருத்தர்ட்டயும் கேக்கத் தேவையில்லையா? டீச்சர், பேப்பர்ல அந்த இடத்த இன்னொருக்கா வாசிச்சிப் பாருங்க, பிழையா இருக்கும்.

சரி சரி, நீங்க வாசிச்சாப் பிழைக்காது. நான் மூண்டாம் வகுப்போட நிண்டவள். நான் எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள பேப்பர் பழசாப் போயிரும். கோவிக்காதீங்க. நான் இப்பிடிக் கதைக்கிற ஆளும் இல்ல. மூதூர்ல லோஞ்சிப் படகு ஏறினா முக்காட்ட இழுத்து விட்டுட்டு, திருமலை ஜெட்டி வாறவரைக்கும் தண்ணியத்தான் பாத்துக்கொண்டு போவன். இண்டைக்கு என்னமோ வாய் நிக்குதில்ல.

அந்தப் போர்க்கப்பல்தானே? சாம்பல் நிறத்தில, மலைக்குப் பக்கத்தில இன்னொரு மலை மாதிரி நிக்குது. அதுக்குள்ள அந்த அணுகுண்டு இருக்கா எண்டு கேட்டா, இருக்கு எண்டும் சொல்ல மாட்டாங்களாம், இல்லை எண்டும் சொல்ல மாட்டாங்களாம். எங்கட மாமியும் அப்பிடித்தான், சீனிப் போத்தல எங்க வெச்சீங்க எண்டு கேட்டா.

ஆனா டீச்சர், கப்பல்காரன்ட நாட்டில அத எறியச் சொல்ற அந்த ஜனாதிபதிக்குப் பொஞ்சாதி எண்டு ஒருத்தி இருப்பாதானே? அவவும் ஒண்டும் கேக்க ஏலாதா? என்ன, அந்தக் குண்டுப் பொத்தான் இருக்கிற பெட்டியத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் அவருக்குப் பின்னாலயே திரியிறானா? குளிக்கப் போனாலும்? அல்லாஹ்வே! அவருக்குப் பல்லுவலி வந்தா என்ன செய்ற? சிரிக்காதீங்க. போன மாசம் எங்கட ஆளுக்கு, என்ட புருசனுக்கு, கடவாய்ப்பல்லு வலிச்சி, ஒரு பாவமும் அறியாத ஆட்டுக்குட்டிக்கு உதை விழுந்திச்சி. ஆட்டுக்குட்டி எண்டபடியா ரெண்டு தரம் கத்திட்டு இலை தின்னப் போயிட்டுது. குண்டு விழுந்தா ஊர் அப்பிடி எழும்பிப் போகுமா?

கொழும்பிலயும் இப்ப எல்லாத்துக்கும் ஒரு ஆள்தான் எண்டு கதைக்கிறாங்க. நல்ல காலம், அவர்ட்ட இந்தப் பொத்தான் இல்ல. சரி, நான் ஒண்டும் சொல்லல்ல, லோஞ்சிக்காரன் பாக்கிறான்.

எங்கட ஆளா? கலீலுர் றஹ்மான். கடல்தான். வலை மட்டுமில்ல. கொஞ்சம் கிட்ட வாங்க. டைனமைட். களவுதான், தெரியும், புடிச்சா மறியல்தான், உள்ளதான் கிடக்கணும். அப்பிடிப் பாக்காதீங்க டீச்சர், உங்கட சட்டிக்குள்ளயும் அந்த மீன் ஒண்டு ரெண்டு வந்திருக்கும். இண்டைக்குப் பொழுதுபட, மற்றத் தோணிக்காரர் அலியார் காக்காட தோணிக்கு எறியப் போறன் எண்டு நிக்கிறார். மீனுக்கில்ல, தோணிக்கு. அதிலதான் என்ட கூடப்பிறந்த காக்கா, மூத்தவர் தாஹிர் தொழிலுக்குப் போற. அதாலதான் உங்கட பேப்பர்ல இருந்தது எனக்கு இப்பிடிக் குத்தினது. இருங்க, ஒழுங்காச் சொல்றன்.

எங்கட தோணியில ஒரு சட்டம் இருந்திச்சி. டைனமைட் வெச்சிருக்கிறவன் தீப்பெட்டி வெச்சிருக்கப்படாது. அவர்ட வாப்பா காலத்திலயும் அப்பிடித்தான். சாமான் எங்கட ஆள்ட்ட, தீப்பெட்டி, கூடத் தோணியில வாற யேசுரட்ணம் அண்ணன்ட்ட. அவரும் சம்மதிச்சாத்தான் நெருப்பு. அந்த மனிசன் ஒருநாளும் ஏலாது எண்டு வாயால சொல்ல மாட்டார். தேடுவார். மடியில பாப்பார், தொப்பியக் கழட்டிப் பாப்பார், சோத்துப் பார்சல அவிட்டுப் பாப்பார், மாதாவே இஞ்சதானே வெச்சன் எண்டுவார். எங்கட ஆள் தோணிக்குள்ள நிண்டு குதிப்பார். ஒருக்கா தண்ணிக்குக் கீழ பெரிய கறுப்பு. பாரை மீன் கூட்டம், கெதியாத் தா எண்டு இவர் கத்த, அவர் தேட, அந்தக் கறுப்பு மேல வந்திச்சி. பாத்தா எங்கட ஊர்ச் சரீப்! தவறின நங்கூரத்த எடுக்கச் சுழியோடின மனிசன். தண்ணியத் துப்பிட்டு, வெத்திலை இருக்கா எண்டு கேட்டானாம். அவன்ட கடைசி மகள் அதுக்குப் பிறகுதான் பிறந்தது, தெரியுமா?

ஓம், அதத்தான் நானும் சொல்றன். அந்தப் பெரிய இடத்திலயும் ஒரு யேசுரட்ணம் அண்ணன் இருக்கணும்.

இல்ல டீச்சர், நீங்க சொல்றதும் சரி. சண்டை எண்டு வந்தா கூட்டம் வெச்சிக் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது. நமக்கு மேல வந்து விழுந்தா உடன திருப்பி அடிக்கத்தான் வேணும். நான் அதக் கேக்கல்ல, முதல்ல எறியிறதக் கேக்கிறன். முதல்ல எறியிறவனுக்கு என்ன அவசரம்? நேரம் குறிக்கிறதே அவன்தானே? ரெண்டு பேரக் கேக்கிறதுக்கு அவனுக்கு மட்டும் எப்பிடி நேரமில்லாமப் போற?

அங்கயும் சில பேர், பாராளுமன்றச் சபையக் கேக்கணும் எண்டு சட்டம் வேணும் எண்டு நிக்கிறாங்களா? எங்க, அந்த வரியக் காட்டுங்க. ச...பை...யைக் கே...ளா...மல் மு...த...லில். அல்லாஹ், நானே வாசிச்சிட்டன்!

ஆனா நாம கேக்கிற ஆளும் சரியான ஆளா இருக்கணும். எங்கட மாமிட்டக் கேட்டா, மகன் சொன்னாச் சரி எண்டுவா. அவர்ட சோத்தத் தின்னுறவங்க எல்லாரும் தலையத்தான் ஆட்டுவாங்க. யேசுரட்ணம் அண்ணனுக்கு வேற அடுப்பு, வேற கோயில், வேற கோவம். அதாலதான் அவர் சரி.

இப்ப அவர் எங்க? அதுதான் வில்லங்கம். இந்தக் கப்பல் வந்திச்சிதானே, அதில வந்த வெள்ளைக்காரப் பொடியன் ஒருத்தன் எங்கட ஆள்ட்ட இறால் வாங்கிட்டு ஒரு லைட்டர் குடுத்திருக்கான். மூடியத் தட்டினா நெருப்பு. காத்தடிச்சாலும் அணையாது. அண்டையில இருந்து மனிசன்ட நடையே வேற. அடுப்புக்கும் அவர்தான், விளக்குக்கும் அவர்தான், நான் சாம்பிராணி கொளுத்தப் போனாலும் ஓடி வருவார். யேசுரட்ணம் அண்ணன்ட்ட, இனி நீங்க தேடிக் கஷ்டப்படத் தேவையில்ல அண்ணன் எண்டு சொல்லிட்டார். அந்த மனிசன் முகத்தத் தொங்கப்போட்டுக்கொண்டு லிங்கநகர்ல மகள் வீட்ட போயிட்டார்.

அதோட வலையும் அறுந்திச்சி. அலியார் காக்காட ஆக்கள்தான் வெட்டின எண்டு இவர் நிக்கிறார். கப்பல் வந்த அண்டைக்குத்தானே வலை அறுந்தது, கப்பலுக்கு அடியில சுத்திற விசிறி அறுத்திருக்காதா எண்டு நான் கேட்டன். பொம்பிளைக்குக் கடல் தெரியாதாம். அலியார் காக்காட்டயும் டைனமைட் இருக்காம், அவர் எறியிறதுக்கு முந்தி நான் எறியணும் எண்டுறார். தாஹிர் காக்கா இருக்கிறாரே எண்டு அழுதன். மச்சான் நல்லா நீந்துவார் எண்டுறார்!

பொலிசுக்கா? போனா அவர் மறியலுக்கு, நானும் இந்தக் கைப்பிள்ளை அசனாவும் எங்க போற? பள்ளிவாசல் தலைவர்ட்டச் சொல்லுவம் எண்டா, அவர் அலியார் காக்காட மாமா, அங்கால போய் ரெண்டு மடங்காச் சொல்லுவார். லைட்டர எடுப்பம் எண்டா, நித்திரையிலயும் மடியிலதான் கிடக்கு.

இந்த இடம்தானே டீச்சர் நல்ல ஆழம்? ஓம், தண்ணி கறுத்துப்போய்க் கிடக்கு.

பயப்பட மாட்டீங்க எண்டாச் சொல்றன். அந்த டைனமைட்ட நான் தூக்கிக்கொண்டு வந்துட்டன். இந்த ஓலைப்பெட்டிக்குள்ள, அசனாட துணிக்குக் கீழ. ஐயோ எழும்பாதீங்க, லோஞ்சி ஆடுது! இருங்க, இருங்க. திரியெல்லாம் கழட்டியாச்சி. அது வீட்டில கஞ்சித் தண்ணிக்குள்ள ஊறுது. இது இப்ப சவர்க்காரக் கட்டி மாதிரித்தான் எண்டு நினைக்கிறன். கரையில போட்டா பிள்ளையள் பொறுக்கும். கிணத்தில போட ஏலுமா?

ஏறினதில இருந்து கடல்ல எறிவம் எறிவம் எண்டுதான் இருக்கன். கை போகுதில்ல. எனக்கும் கோவம்தானே டீச்சர்? கோவத்தில எறியிறனா, புத்தியோட எறியிறனா எண்டு எனக்கே விளங்குதில்ல. இத எறிஞ்ச பிறகு அலியார் காக்கா உண்மையா வந்தா, எங்கட ஆள் வெறுங்கையோட நிப்பார். எறியாட்டி தாஹிர் காக்கா. ஒருத்தர்ட்டயும் கேக்காம நானாத் தூக்கிப் போட்டா, நானும் அந்தப் பொத்தான்காரனும் ஒண்டுதானே?

நீங்க எங்கட சோறு தின்னாத ஆள். எங்கட வலையையும் தெரியாது, அலியார் காக்காவையும் தெரியாது. அதுக்குத்தான் உங்களுக்குப் பக்கத்தில வந்து இருந்தன். இல்லாட்டி எனக்கு எங்க இவ்வளவு கதை வாற?

பிள்ளைய மடியில எடுங்க. நல்லா யோசிச்சிச் சொல்லுங்க, எறியட்டா? வேணாம் எண்டாலும் கேப்பன்.

இல்ல டீச்சர், தலையாட்டினாக் காணாது. வாயால சொல்லுங்க.