முதுகு ஸ்டாப்பிங்

– டேய் டோமினிக், இன்னும் நிக்குதுடா! நாம கட்டின பஸ் ஸ்டாப் அப்படியே நின்னுக்கினு இருக்குது பாரு!

– மெதுவா பேசு வெனிலா. என் ஸ்டூடண்ட்ஸ் யாராச்சும் அந்தாண்ட அளந்துக்கினு இருக்கப் போறாங்க.

– இருந்தா இன்னா? பாலிடெக்னிக்ல படிக்கும்போது நானும் உங்க சாரும் சேந்து கட்டினதுன்னு பெருமையா சொல்லிட்டுப் போறேன்.

– ஐயோ, வாயத் தொறக்காத! இத கட்டினது நான்தான்னு அதுங்களுக்குத் தெரியாது.

– சொல்லவே இல்லையா? அதே பாலிடெக்னிக்ல வாத்தியாராயி இத்தினி வருஷம் ஆவுது!

– எதச் சொல்றது? ஊரு உலகத்துல பஸ் ஸ்டாப்னா ரோட்டப் பாத்துக்கினு இருக்கும். இது ரோட்டுக்கு முதுகக் காட்டிக்கினு ஏரியப் பாத்து குந்தியிருக்குது. இப்போ கூட்டேரிப்பட்டுல பஸ் ஏறினோமே, கண்டக்டர் இன்னா கூவினான்னு கேட்டியா இல்லையா?

– 'முதுகு ஸ்டாப்பிங்லாம் எழுந்து வா'ன்னான். எனக்கு அடக்க முடியலடா. கண்ணுல தண்ணியே வந்துருச்சி.

– சிரி, சிரி. பிளான்ல வடக்குக் காட்டுற அம்புக்குறிய தலைகீழா போட்டது நான், ஒத்துக்கறேன். அதே பிளான்ல ரோட்டையே போடாம விட்டது யாரு?

– நான்தான். ரோடு எங்க ஓடிப்போவப் போவுதுன்னு விட்டுட்டேன்.

– நாம சனிக்கிழமைக்கு சனிக்கிழமைதான வருவோம். சமூக சேவைன்னு பாடத்துல ஒதுக்கினதே அந்த ஒரு நாளுதான். நடுவுல வேங்கடேசன் மேஸ்திரி வாரம் பூரா வேல பாத்து செவுர தல உசரத்துக்கு ஏத்திட்டாரு.

– அடுத்த சனிக்கிழம நாம பஸ்ஸவிட்டு எறங்கினோம் பாரு! நீ பேயறைஞ்ச மாதிரி நின்ன. மேஸ்திரி இன்னாடான்னா, 'காலேஜ் புள்ளைங்க போட்ட பிளானாச்சே, ஏரிக் காத்துக்கோசரம் இப்படி வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்'ன்னு பல்லக் காட்டுறாரு.

– இடிச்சித் திருப்பிக் கட்டலாம்னா, சர்ச்சுல குடுத்த சிமெண்ட்டும் தீந்துபோச்சு, பஞ்சாயத்துல குடுத்த செங்கல்லும் தீந்துபோச்சு.

– மார்க் போட வந்த நம்ம எச்.ஓ.டி.ய மறக்க முடியுமா? சுத்திச் சுத்திப் பாத்துட்டு, 'கட்டடம் நல்லாத்தான்யா நிக்குது. திரும்பி நிக்குது, அவ்ளோதான்'னாரு.

– அது இன்னும் என் காதுலயே இருக்குது வெனிலா. உனக்குத்தான் வெளையாட்டு.

– என் காதுல வேறடா இருக்குது. இந்த ஊரு வெள்ளையம்மா கூழுப் பானையத் தூக்கிக்கினு வரப்பு மேல வரும். 'யோவ் காலேஜ் சித்தாளுங்களா, ஜல்தி வாங்க'ன்னு அங்கேர்ந்தே கொரல் குடுக்கும். கேப்பைக் கூழு, மல்லாட்டைத் துவையல். கையெல்லாம் சிமெண்ட்டோட குந்திக்கினு குடிச்சமே, அப்படி ஒரு பசி எனக்கு அதுக்கப்புறம் எடுக்கவே இல்லடா. சத்தியமா இல்ல.

– திரும்பிப் போவும்போது திண்டிவனம் வரைக்கும் நின்னுக்கினே தூங்குவோம்.

– நீ யாரோ ஒரு பெரியவர் தோளுல சாஞ்சி தூங்கி, அவரு எறங்க வேண்டிய எடத்துல எறங்காம உன்னத் தாங்கிக்கினே வந்தாரு. 'பாவம், கட்டட வேல செய்யுற புள்ள'ன்னாரு.

– அவரு எந்த ஊருன்னுகூட கேக்கல பாரு நாம.

– சரி, இப்போ எதுக்குடா என்ன புதுச்சேரியிலேர்ந்து இழுத்துக்கினு வந்த?

– நாளைக்கு இத இடிக்கிறாங்க.

– இடிக்கிறாங்களா? எதுக்கு?

– ரோட்ட அகலமாக்குறாங்க. அந்தப் புளியமரத்துக்கு அப்பால தள்ளி புதுசா ஒண்ணு வருது. பஞ்சாயத்தும் எங்க பாலிடெக்னிக்கும் சேந்து கட்டுறோம். என் பசங்களுக்கு அதுதான் இந்த செமஸ்டர் பாடம். நம்மள மாதிரியே சனிக்கிழமை தோறும்.

– நல்ல விஷயந்தான? ஏன் ஒரு மாதிரி இருக்குற?

– மொதப் பாடமே, பழைய பஸ் ஸ்டாப்புல போயி குந்தி, அதுல இருக்குற தப்பெல்லாம் எழுதிக்கினு வாங்கன்னு குடுக்க வேண்டியதாப்போச்சு. ஆரோக்கிய ஜெனித்துன்னு ஒரு பொண்ணு. ரொம்ப சூட்டிகை. 'இதக் கட்டினவங்க எப்படி பாஸ் ஆனாங்கன்னு தெரியல'ன்னு எழுதியிருக்குது.

– ஐயோ! நீ இன்னா பண்ண?

– முழு மார்க் போட்டேன்.

– டேய்… வாடா, இப்படி உள்ள வந்து குந்து. ஏரியில தண்ணி தளும்புது பாரு. மேஸ்திரி சொன்னது பொய்யில்ல, காத்து சும்மா அள்ளுது.

– இங்க பாரு வெனிலா, எனக்கு ஒரே ஒரு ஆசதான். ரோட்டப் பாத்துக்கினு ஒரு பஸ் ஸ்டாப் கட்டிப்புடணும். போன சனிக்கிழம அம்புக்குறிய திரும்பத் திரும்பப் பாத்துட்டுதான் பிளான்ல கையெழுத்துப் போட்டேன். அது ஒழுங்கா எழும்பிடுச்சின்னா இந்த முதுகுப் பேரு ஒழியும். நானும் தலை நிமிந்து இந்தப் பக்கம் பஸ்ல போவேன்.

– இது போவுதேன்னு கொஞ்சங்கூட உனக்கு மனசு அடிச்சிக்கலையா?

– அடிச்சிக்குது. அதனாலதான் உன்னக் கூப்ட்டேன். தனியா வந்து பாக்க முடியல.

– என்னாங்க இது, ரெண்டு பேரும் உள்ள குந்திக்கினா பஸ்ஸ யாருங்க பாக்கறது? கடைசியா வந்தவங்க வெளிய நிக்கணுங்க. பஸ் வந்தா 'வருது வருது'ன்னு கூவணும். அதான் இந்த ஸ்டாப்பிங் வழக்கம்.

– அட, தலைவரம்மா! வாங்க வாங்க. வெனிலா, இவங்கதான் பஞ்சாயத்து தலைவரு, கலையரசி. தலைவரம்மா, இவங்க வெனிலா, என் கூடப் படிச்சவங்க.

– அப்ப கடைசியா வந்தது நீங்கதானங்க தலைவரம்மா?

– அதனாலதான மேடம் நான் நின்னுக்கினே பேசறேன்.

– புதுசுல இந்த பேஜாரெல்லாம் இருக்காதும்மா. குந்தின எடத்துலேர்ந்தே பஸ்ஸு தெரியும்.

– சார், இத கட்டினது நீங்க ரெண்டு பேருந்தான்னு எனக்குத் தெரியுங்க.

– யாரு சொன்னது?

– யாரு சொல்லணும்? வெள்ளையம்மா எங்கம்மா. கூழுப் பானைக்குப் பின்னாலயே டம்ளருங்கள எடுத்துக்கினு ஒரு பொண்ணு வரும், ஞாபகம் இருக்குதா?

– ரெட்டசடை! மூக்க உறிஞ்சிக்கினே வருமே, அதுவா?

– அதேதாங்க மேடம். சார், எங்க அக்காவ எங்கப்பா பன்னெண்டாவதோட நிறுத்திட்டாரு. அப்போ பஸ் ஸ்டாப்னா வெறும் ரோட்டு ஓரம். பொண்ணுங்க நின்னா போற லாரிக்காரனெல்லாம் ஹாரன் அடிப்பான். ஊரு ஒரு மாதிரி பேசும். அக்கா எவ்ளோ அழுதுச்சி, கேக்கல. எனக்கு காலேஜு வயசு வந்தப்போ அப்பா ஒரு நாளு இங்க வந்து குந்திப் பாத்தாரு. ரோட்டுல நடந்து போயித் திரும்பியும் பாத்தாரு. உள்ள யாரு குந்தியிருக்காங்கன்னு எவனுக்கும் தெரியல, செவுருதான் தெரியுது. சரி, போயி சேருன்னாரு. இந்த ஊருலேர்ந்து காலேஜு போன மொதப் பொண்ணு நாந்தாங்க. எனக்குப் பின்னாடி எல்லா வூட்டுலேர்ந்தும் போவுதுங்க.

– கலையரசி… அம்மா, அது நான் நெனச்சிப் பண்ணினது இல்லம்மா. தப்பா நடந்துபோச்சு.

– தெரியுங்க. தெரிஞ்சிதான் சொல்றேன். உங்க பசங்களுக்கும் சொன்னேன்.

– என் பசங்களுக்கா? நான்தான் கட்டினேன்னா?

– ஆமாங்க. தப்பு எழுதிக் குடுத்த பொறவு மறுபடி அளக்க வந்த புள்ளைங்க இங்கயே குந்தி எங்க பொம்பளைங்களோட பேசிக்கினே இருந்துச்சிங்க. அந்த ஜெனித் பொண்ணு ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு ஏரியப் பாத்துக்கினு இருந்துச்சி.

– என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே!

– பயந்துக்கினு இருக்குதுங்க. நேத்தே வந்து புதுசுக்குக் கடக்கால் தோண்டிடுச்சிங்க, வேங்கடேசன் மேஸ்திரியோட மவன வெச்சிக்கினு.

– நேத்தா? நான் இல்லாமயா? பிளான்படிதானம்மா தோண்டினாங்க?

– பிளான்படிதாங்க. நீங்க கையெழுத்துப் போட்ட பொறவு, வடக்கு அம்புக்குறிய அந்த ஜெனித் பொண்ணே அழிச்சிட்டுத் தலைகீழா போட்டுருக்குது.